மூன்று விசில் பாடம்

“உக்காருங்கோ” என்றார் வாத்தியார்.

வேதாந்தம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிவதற்குள், அவர் பக்கத்தில் நின்றிருந்த நாய்க்குட்டி உட்கார்ந்துவிட்டது. முதுகை நிமிர்த்தி, முன்னங்கால்களைச் சேர்த்துவைத்து, அடுத்து என்ன என்பதுபோல வாத்தியாரின் முகத்தைப் பார்த்தது. காலை ஐந்தரை மணியிலிருந்து அந்தக் கூடத்தில் நாற்பது பேர் நாற்பது விதமாக உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓர் உத்தரவு உடனே நிறைவேறியது அதுவே முதல் தடவை.

“ராமா... இத யாராவது அந்தண்டை கொண்டுபோய்க் கட்டுங்கோளேன்” என்றார் மந்திரம் சொல்லவந்த வாத்தியார். “கர்த்தா மேல பட்டுடுத்துன்னா மறுபடியும் ஸ்நானம் பண்ணணும்.”

கர்த்தா ஏற்கெனவே இரண்டு முறை ஸ்நானம் செய்திருந்தார். ஈர வேஷ்டி தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆண்பிள்ளை இல்லாததால் மனைவிக்குச் செய்யவேண்டியதையெல்லாம் அவரே செய்யவேண்டியிருந்தது. தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்த விஜயலக்ஷ்மி, இந்த ஏற்பாடுகளுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல, மஞ்சள் பூசிய முகத்தோடு கண்மூடியிருந்தாள். கூட்டம் சேர்ந்தால் சமையலறைக்குள் போய்விடுவது அவள் வழக்கம். இன்று அதற்கு வழியில்லை.

மகள் சாருலதா குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்க வராந்தாவில் கட்டினாள்.

“இப்படி வாங்கோ” என்றார் வாத்தியார், வேதாந்தத்தைப் பார்த்து.

கயிறு தரையில் இழுபட, கூட்டத்தின் கால்களுக்கிடையே புகுந்து ஓடிவந்த குட்டி வேதாந்தத்தின் முழங்காலில் மோதி நின்றது. மூன்றாவது ஸ்நானம்.

பாடையைத் தூக்கும்போது யாரோ, “இருங்கோ, இருங்கோ! நெலைல இடிக்கப்போறது” என்று கத்தினார். தூக்கியவர்கள் இருக்கவில்லை. குட்டி இருந்தது. வாசல் நிலையிலிருந்து மூன்றாவது தரைக்கல்லில் அப்படியே நின்றுவிட்டது. மண்சட்டி முன்னால் போக, விஜயலக்ஷ்மி பின்னால் போக, தெருமுனை திரும்பும்போது வேதாந்தம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வேதாந்தம் சொன்னதைக் கேட்கும் ஜாதி இல்லை.

மயானத்திலிருந்து வந்தபோது மணி ஒன்று. குட்டி அதே கல்லில் இருந்தது.

“நாலு மணி நேரமா இங்கயேதான் இருக்கு, அப்பா” என்றாள் சாருலதா. “வாடா வாடான்னு கூப்பிட்டேன். காதை ஆட்டறது, வரமாட்டேங்கறது.”

“வாயில்லா ஜீவன்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

வேதாந்தம் குடியிருந்த வைகுந்த் அபார்ட்மெண்ட்ஸ் நலச் சங்கத்தின் காரியதரிசி சங்கரன். நான்கு மாடிக் கட்டடத்துக்கு அந்தப் பெயரை வைத்தவரும், அதன் லிஃப்ட் ஒன்றரை வருடமாக ஓடாததற்குப் பொறுப்பானவரும் அவரே. மைக் இல்லாத இடத்திலும் மைக் முன்னால் நிற்பவராகவே பேசுவார்.

“தாயைப் பிரிந்த சேயாக, அன்னாரின் பாதச்சுவடுகளையே பார்த்தவண்ணம், வைராக்கியத்துடன் அமர்ந்திருக்கிறது பாருங்கள். மனிதர்களிடம் உண்டா இந்த நன்றி? யோசித்துப் பாருங்கள்.”

கூடியிருந்தவர்கள் யோசித்தார்கள். இரண்டு மாமிகள் புடவைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். குட்டி கொட்டாவி விட்டது.

*

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு மழைநாளில், மந்தைவெளி பஸ் டிப்போ பக்கம் கீரை வாங்கப்போன விஜயலக்ஷ்மி, கீரைக்கட்டோடு பழுப்பு நிறத்தில் ஒன்றைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்தாள். அரசுத் துறை ஒன்றில் துணை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற வேதாந்தம், தம் வீட்டில் நாய் என்று ஒன்று நுழைவதானால் அது அல்சேஷனாகவாவது இருக்கவேண்டும் என்று கருதினார். கூடையில் இருந்தது அல்சேஷன் இல்லை, தெரு. ஒரு காது நிமிர்ந்தும் மறுகாது மடங்கியும், எந்த முடிவுக்கும் வராத கோப்புபோல இருந்தது.

“மேஜர்” என்று பெயர் வைத்தார். பெயரிலாவது கொஞ்சம் அந்தஸ்து இருக்கட்டும் என்று. விஜயலக்ஷ்மி “கோந்து” என்று கூப்பிட்டாள். காலோடு ஒட்டிக்கொண்டே திரிந்ததால் அந்தப் பெயர். குட்டி அதற்குத்தான் திரும்பியது.

பயிற்சியை வேதாந்தம் தாமே ஏற்றுக்கொண்டார். முப்பத்துநான்கு வருடம் நூற்றிருபது பேரைக் கட்டி மேய்த்தவருக்கு ஒரு நாய்க்குட்டி எம்மாத்திரம்? ‘வீட்டு நாய்: நடத்தை விதிகள்’ என்று பதினொரு பிரிவுகளில் ஒரு சுற்றறிக்கை தயாரித்து ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டினார். ஆங்கிலப் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, “சிட்!” என்றார். குட்டி வாலாட்டியது. “மேஜர், சிட்!” பத்திரிகையால் தரையில் ஓங்கி அடித்தார். குட்டி பயந்துபோய் அவருடைய செருப்பின்மேல் மூத்திரம் பெய்துவிட்டு சோபாவின் அடியில் போய்ப் புகுந்துகொண்டது. ஒரு வாரத்தில் பத்திரிகையைக் கண்டாலே ஓடியது. அந்த ஒரு வாரத்தில் அது கற்ற பாடம் அவ்வளவுதான்.

விஜயலக்ஷ்மி ஒன்றும் சொல்லவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் கால்நடை டாக்டர் ஒருவரிடம் கம்பவுண்டராக இருந்த வலியுல்லாவிடம் ஊசி போடக் குட்டியைக் கொண்டுபோனவள், முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிவந்தாள். அன்று முதல் பாடம் பின்பக்க வராந்தாவுக்கு மாறியது.

குக்கரை அடுப்பில் ஏற்றியதும் பாடம் ஆரம்பம். மூன்றாவது விசிலில் முடிந்துவிடும். அதற்குமேல் ஒரு நிமிஷம் கிடையாது. குட்டிக்கு ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடவேண்டும் என்பாள். பிஸ்கட்டைப் பொட்டுப் பொட்டாக உடைத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொள்வாள். ஒரு துண்டை அதன் மூக்குக்கு நேரே காட்டி மெதுவாகத் தலைக்குமேல் கொண்டுபோவாள். மூக்கு மேலே போகப்போக, பின்பக்கம் தானாகக் கீழே இறங்கும். தரையைத் தொட்ட அந்தக் கணத்தில், “உக்காருங்கோ... பேஷ்!” துண்டு வாய்க்குள். “இருங்கோ” என்று ஓரடி பின்னால் வைத்து, உடனே திரும்பிவந்து ஒரு துண்டு. மறுநாள் இரண்டடி. பிறகு சமையலறை வரைக்கும். கையைக் கடித்தால் அடியும் இல்லை, திட்டும் இல்லை. எழுந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். உலகமே முதுகைக் காட்டிவிட்டதுபோலக் குட்டி அவள் காலைச் சுற்றிச் சுற்றி வரும்.

“நாய்க்கு எதுக்குடி ங்கோ போடறே?” என்று கூடத்திலிருந்து வேதாந்தம் கேட்டார்.

“பழக்கமாயிடுத்து” என்றாள் அவள்.

இதெல்லாம் அவர் காதில் விழுந்தவையே தவிர, எழுந்துபோய்ப் பார்த்தவை அல்ல. பார்க்க நேரம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சாவதற்கான உரிமை அவருக்கு மட்டுமே இருந்தது. மாத்திரைகள் அவருக்கு, நடை அவருக்கு, உப்புக் குறைவு அவருக்கு. நெய்யைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் சாதத்தில் நெய் விழாமல் கை வைப்பது அவர் வம்சத்திலேயே கிடையாது. வைக்கமாட்டேன் என்று முதல்நாளே தட்டைத் தள்ளினார். விஜயலக்ஷ்மி உள்ளே போய், நீளக் காம்பு வைத்த அந்தச் சின்ன நெய்க்கரண்டியை எடுத்துவந்து, அவர் சாதத்தின்மேல் சாய்த்து, “விட்டாச்சு” என்றாள். கரண்டியில் ஒன்றும் இல்லை. அவர் கரண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு பிசைய ஆரம்பித்தார். மூன்று வருடமாக இரண்டு வேளையும் காலிக் கரண்டி சாய்ந்தது. துணை இயக்குநர் நெய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பாதுகாப்பும் அவரைச் சுற்றி இருக்க, வியாழக்கிழமை விடியற்காலை பால் காய்ச்சப்போன விஜயலக்ஷ்மி, அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவரை முந்திக்கொண்டாள்.

*

அன்று மாலை சாருலதா தயிர்சாதத்தைப் பிசைந்து குட்டியின் அலுமினியத் தட்டில் வைத்தாள். குட்டி உட்கார்ந்தது. தட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தது. பத்து நிமிஷம் பார்த்தது. தயிர்சாதம் காய்ந்தது.

“தொடமாட்டேங்கறதுப்பா” என்று அழுதாள் சாருலதா.

வேதாந்தத்தின் இலையும் அப்படித்தான் இருந்தது. தீட்டுக் காலத்துக்காகத் தரையில் இலை போட்டிருந்தார்கள். சாதத்தின் அருகே கையைக் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது. ஏதோ ஒன்று இன்னும் நடக்கவேண்டியிருப்பதுபோல இருந்தது. என்னவென்று தெரியவில்லை. மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். “துக்கம் தொண்டையை அடைக்கறது, பாவம்” என்று மாமிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அவருக்கே அது கொஞ்சம் ஆச்சரியமாகவும், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தாம் இப்படித் துக்கப்படக்கூடியவர் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மாப்பிள்ளை ஜெயராமுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் வால்வு செய்யும் பட்டறை இருந்தது. அவர் அதை யூனிட் என்று சொல்லுவார்.

“மாமா, நீங்க தனியா இதை வெச்சிண்டு என்ன பண்ணப்போறேள்? நம்ம யூனிட்டுக்கு ஒரு நாய் வேணும்னு பாத்துண்டிருக்கேன். சனிக்கிழமை மூணு மணிக்கு வேன் இந்தப் பக்கம் வரது. ஏத்தி விட்டுடலாம்.”

“சாப்பிடமாட்டேங்கறதே” என்றாள் சாருலதா.

“வாட்ச்மேன் ஒரு கழி வெச்சிருக்கான். ரெண்டு நாள்ல லைனுக்கு வந்துடும்.”

வேதாந்தம் தலையாட்டினார். பொறுப்பைத் தகுந்த அலுவலருக்கு மாற்றிவிடும் தலையாட்டல் அது; அலுவலகத்தில் நிறைய ஆட்டியிருக்கிறார்.

இரவு படுக்கப்போகும்முன் சாருலதா அம்மாவின் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். காலையில் உடுத்தியிருந்தது, குளிப்பாட்டும்போது அவிழ்த்துப் போட்டது. தலைப்பில் ஒரு முடிச்சு. அவிழ்த்தாள். நாலைந்து பிஸ்கட் துண்டுகள்.

வேதாந்தம் கையை நீட்டினார். சாருலதா அவற்றை அவர் உள்ளங்கையில் போட்டாள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் சட்டைப்பையைத் தேடினார். சட்டை போட்டிருக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினார்.

*

வெள்ளிக்கிழமை காலை சங்கரன் சங்கத்தின் அனுதாபத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தடித்த காகிதத்தில் டைப் அடித்து, முத்திரை குத்தி, தாமே உரக்க வாசித்துக் காட்டினார். விஜயலக்ஷ்மியின் பெயர் அதில் ஒருமுறையும், காரியதரிசியின் பெயர் மூன்று முறையும் வந்தன. கடைசிப் பாராவில், ‘உண்ணா நோன்பு பூண்டு உயிர்விடத் துணிந்திருக்கும் ஐந்தறிவு ஜீவன்’ என்று குட்டிக்கும் இடம் கொடுத்திருந்தார்.

காபி குடிப்பதற்காகத் தீர்மானத்தை மோடாவின்மேல் வைத்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்துத் திரும்பியபோது பாதித் தீர்மானம்தான் இருந்தது. மீதி குட்டியின் வாயில் போய்க்கொண்டிருந்தது.

“யோவ், பிடிங்கய்யா! அது ஒரிஜினல்!” என்று சங்கரன் கத்தினார். மைக் இல்லாத குரலில் அவர் பேசி வேதாந்தம் கேட்டது அதுதான் முதல் தடவை.

குட்டி முத்திரையையும் விழுங்கிவிட்டு உதட்டை நக்கிக்கொண்டது.

சங்கரன் போனபிறகு வேதாந்தம் வெகுநேரம் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துக்கத்தில் சோறு இறங்காது, சரி. காகிதம் இறங்குமா?

மத்தியானம் சேதி கேள்விப்பட்டு வலியுல்லா வந்தார். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றார்.

“இப்பத்தான் சார் காதுல வுழுந்துச்சு. போன வாரம்கூட வந்தாங்க அம்மா. ஆட்டோக்காரன் மாரி பேசாதே பாய்னு என்னைத் திட்டிட்டுப் போனாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கோந்து எங்க?”

பின்பக்க வராந்தாவில் குந்தி உட்கார்ந்து குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். காய்ந்த தட்டை நகர்த்திவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் சாதம் வைக்கச் சொன்னார். வைத்ததும் குட்டி உட்கார்ந்தது. வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தரையைத் தொட்டது.

“பாத்தீங்களா? உடம்பு ஜம்முனு கீது சார். பசி உசுரு போவுது.”

“அப்பறம் ஏன் சாப்பிடமாட்டேங்கறது? துக்கம்னு சொல்றாளே எல்லாரும்?”

“துக்கம் இருக்கும் சார், இல்லேங்கல. ஆனா இது அதுக்காக குந்தலை. பர்மிஷனுக்குக் குந்திக்கினு கீது. தட்டு வச்சா, சொல்ற வரைக்கும் வாய வைக்கக்கூடாதுன்னு அம்மா பழக்கி வச்சிருக்காங்க. அவங்க இன்னா சொல்லி வுடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

வேதாந்தம் தட்டைப் பார்த்தார்.

“நாலு மாசமா தெனம் நடந்துச்சே சார், இதே வூட்டுல?”

“நான்... பேப்பர் படிச்சிண்டிருப்பேன்.”

வலியுல்லா குட்டியின் மடங்கிய காதைத் தடவினார். “நீதானே சொல்லிக்கொடுத்தே?” என்று வேதாந்தம் கேட்டது, கெஞ்சுவதுபோலவே இருந்தது.

“நான் இன்னாத்த சொன்னேன்? அடிக்காதீங்க, கத்தாதீங்க, நல்லது பண்ணா ஒடனே எதுனா குடுங்க, தப்புப் பண்ணா மொகத்தத் திருப்பிக்கினு போய்டுங்கன்னேன். ஒரு வார்த்தைய ஒரே மாரி எப்பவும் சொல்லுங்கன்னேன். அம்மா கேட்டுக்கினு சிரிச்சாங்க. ‘இதுல எனக்கு முப்பத்தெட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு, பாய்’னாங்க. எனக்குப் புரியல சார். அதுக்கு முன்னாடியும் நாய் வச்சிருந்தாங்களா?”

“இல்லை” என்றார் வேதாந்தம்.

வலியுல்லா போய்விட்டார். வேதாந்தம் கூடத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்தார். அவர் கத்திய நாட்களில் விஜயலக்ஷ்மி எதிர்த்துப் பேசியதே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். வெளியே வரமாட்டாள். அவர் கொஞ்ச நேரம் கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் இடையே உலாத்துவார். குரல் இறங்கி எப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால், கேட்காமலே இரண்டாவது காபி வரும். தம்முடைய நிர்வாகத் திறமையால் வீடு அமைதியாக நடந்துகொண்டிருந்ததாக அவர் நினைத்திருந்தார். ஓய்வுபெற்ற அன்று மேடையில்கூட அப்படித்தான் சொன்னார். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

முப்பத்தெட்டு வருடம். பிஸ்கட் இல்லை, காபி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று சாயங்காலம் பூராவும் அவர் வார்த்தைகளைத் தேடினார். குட்டியின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, “சாப்பிடு” என்றார். “சாப்பிடுங்கோ” என்றார். “ஈட்” என்றார். “பேஷ்” என்றார். “ஆகட்டும், எடுத்துக்கோ, தின்னு, சரி, கோந்து, மேஜர், ஓ.கே.” பெருமாளுக்குப் படைத்து அமுது கண்டருளப்பண்ணும்போது சொல்வதைக்கூடத் தணிந்த குரலில் சொல்லிப்பார்த்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் குட்டி தலையை ஒரு பக்கம் சாய்த்தது. அது இல்லை என்று கண்டதும் நேராக்கிக்கொண்டது. பொறுமையாகத்தான் இருந்தது. ஒன்றும் தெரியாத மாணவனுக்கு வாத்தியார் அவகாசம் கொடுப்பதுபோல.

“அப்பா, விடுங்கோப்பா” என்றாள் கதவோரம் நின்ற சாருலதா. “நாளைக்கு அவர் அழைச்சிண்டு போகட்டும். அங்க தெருவுல நாலு நாய் சாப்பிடறதைப் பாத்தா தானா சாப்பிடும்.”

“கழி வெச்சிருக்கானாமே.”

“என்ன?”

“ஒண்ணுமில்லை.”

*

சனிக்கிழமை. பன்னிரண்டரைக்கு அவருக்கு இலை போட்டார்கள். அடுப்பங்கரைக்கும் பின்பக்க வராந்தாவுக்கும் இடையில் இருந்த கதவு திறந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், இலைக்கு நேர் எதிரே, குட்டியின் தட்டு. முப்பத்தெட்டு வருடமாக மேஜையில் சாப்பிட்டவர் இப்போது தரையில் உட்கார்ந்திருந்ததால், இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன.

சாருலதா சாதம் போட்டாள். பருப்பு போட்டாள். குட்டிக்கும் கொஞ்சம் தயிர்சாதம் வைத்தாள், வழியனுப்பும் கடமைக்காக. அதற்குள் வாசலில் மணி அடித்தது. “வேன் இப்பவே வந்துடுத்து போலிருக்கு” என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோனாள். வேனும் ஜெயராமும் இரண்டரை மணி நேரம் முன்னதாகவே வந்திருந்தார்கள். யூனிட் ஆட்கள் நேரத்தில் கறாரானவர்கள்.

வேதாந்தம் கையை இலைக்குக் கொண்டுபோனார். கை நின்றது.

எதிரே குட்டி உட்கார்ந்திருந்தது. எச்சில் நூல் தரையைத் தொட்டது.

அவர் கையைப் பார்த்தார். சாதத்துக்கு இரண்டு அங்குலத்துக்கு மேலே, விரல்கள் குவிந்து, அசையாமல். மூன்று நாளாக இது துக்கம் என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவரும் நம்பியிருந்தார். ஆனால் வயிறு காந்தியது. பருப்பு வாசனை மூக்கில் ஏறியது. நாக்கில் ஜலம் ஊறியது. பசி உயிர் போயிற்று. இருந்தும் கை இறங்கவில்லை. அது எதற்கோ காத்துக்கொண்டிருந்தது.

குட்டி தலையை ஒரு பக்கம் சாய்த்து அவரைப் பார்த்தது.

“அட ராமா” என்றார் வேதாந்தம்.

எழுந்தார். இலையிலிருந்து பாதியில் எழுந்திருக்கக்கூடாது, எழுந்தார். மேடைமேல் நெய்ப்பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தது. மூன்று வருடமாக நெய்யைப் பார்க்காத பாத்திரம். புதன்கிழமை இரவுகூடத் துலக்கி வைத்திருக்கிறாள். பக்கத்தில் ஆணியில் கரண்டி. எடுத்தார். வராந்தாவில் போய், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குந்தினார். முழங்கால் சொடுக்கிட்டது.

குட்டியின் கண் கரண்டிக்குப் போயிற்று. வால் தரையில் ஒருமுறை தட்டியது.

காலிக் கரண்டியைத் தட்டின்மேல் சாய்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“விட்டாச்சு.”

அவர் கையை இழுத்துக்கொள்வதற்குள் குட்டியின் முகம் தட்டில் இருந்தது. தயிர்சாதம் நாலு பக்கமும் தெறித்தது. ஒரு பருக்கை அவர் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. துடைக்கத் தோன்றவில்லை. குந்தியபடியே இருந்தார். தட்டு பாதி காலியானபோது, இடுப்பில் செருகியிருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து, அதில் இருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து, “பேஷ்” என்று வைத்தார்.

பின்னால் காலடிச் சத்தம்.

“மாமா, ரெடியா? வேனை ரிவர்ஸ்ல நிறுத்தியிருக்கேன்” என்றார் ஜெயராம்.

“அது எங்கயும் வரலை.”

“அதுக்கில்லை மாமா, வாட்ச்மேன்கிட்ட சொல்லி...”

வேதாந்தத்துக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, மெதுவாகத் திரும்பி, மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஜெயராம் கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலை மாற்றி நின்றார். இருமினார். பிறகு, “சரி மாமா, உங்க இஷ்டம்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

“காபி சாப்பிட்டுட்டுப் போங்கோ” என்று பின்னாலிருந்து வேதாந்தத்தின் குரல் வந்தது.

சாருலதா கதவோரம் நின்று, தட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கையைக் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து இலையில் உட்கார்ந்தார். பருப்புசாதம் ஆறிப்போயிருந்தது. கரண்டியை இன்னும் விடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகளிடம் நீட்டினார்.

“இதுல ஒண்ணும் இல்லையேப்பா” என்றாள் அவள், திருப்பிப் பார்த்து.

“தெரியும். விடு.”

வராந்தாவில், காலித் தட்டை நாக்கால் தள்ளிக்கொண்டே போன கோந்து அதைச் சுவரில் முட்டி நிறுத்தி மறுபடி நக்க ஆரம்பித்தது. சாருலதா குனிந்து, கரண்டியை அப்பாவின் சாதத்துக்கு மேலே சாய்த்து, கடைசிச் சொட்டு விழட்டும் என்பதுபோல ஒரு கணம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.